கணினிக் கல்வியில் முன்னும் பின்னும்

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் சங்கத்தார் நடத்திவரும் மாணவர் இல்லத்தில், பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்துப் பதினோராம் வகுப்பிற் கணினி அறிவியலை எடுத்துப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் ஒரு முன்வகுப்பு நடத்துவதென்று நிர்வாகக் கமிட்டியார் தீர்மானித்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வகுப்பிற்கு இடம் உண்டு. சில யந்திரங்களும் கிடைத்துள்ளன. கற்பிக்க முன்வந்த வாலிபர்களும் உளர். எஞ்சி நிற்பது ஒரு வினாவே. எவ்விஷயங்களைக் கற்பிப்பது, அவற்றுள் எதனை முன் வைப்பது, எதனைப் பின் வைப்பது என்பதே அவ்வினா. அதனைக் குறித்து இச்சபையிற் சில சொல்லுமாறு என்னைப் பணித்த கமிட்டியாருக்கு என் மனமார்ந்த வந்தனம்.

இது உபாத்தியாயர்கள் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளத்தக்க சிறு காரியமன்றோ, பொதுச்சபையில் விரித்துரைக்க இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக் கூடும். அவ்வாறன்று. சமையலுக்கு வேண்டிய பண்டங்களெல்லாம் வீட்டில் நிறைந்திருப்பினும், உலை கொதிக்குமுன் அரிசியை இட்டவள் சோற்றைக் கெடுத்தவளே ஆவாள். கல்வியும் அத்தகையதே. பாடங்கள் நல்லனவாயிருந்தும் அவை வந்த வரிசை பொருந்தாமையால் மனமுடைந்து போன பிள்ளைகள் பலர். அவர்கள் தம்மையே மந்தபுத்தியுடையவர் என்று எண்ணிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். குற்றம் வரிசையில் இருக்க, பழியைப் பிள்ளை சுமக்கிறது.

நம் ஜில்லாவின் நிலையைச் சற்றே நினைவு கூருங்கள். சேலம் ஜில்லாவினின்றும் 1965 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் பிரிந்து தனி ஜில்லாவாகியது தருமபுரி. 2004 இல் கிருஷ்ணகிரி அதனின்றும் பிரிந்தது. 2011 ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி நம் ஜில்லாவின் மக்கள் 15,06,843 பேர். எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 68.54 பேர். அதே கணக்கில் தமிழ்நாடு முழுமைக்கும் அவ்வீதம் 80.09. மாநிலத்தின் ஜில்லாக்கள் எல்லாவற்றுள்ளும் அவ்வாண்டில் நம்முடையதே கடைசியில் நின்றது. இதனை நாணித் தலைகுனிவதற்காகச் சொன்னேனல்லேன். நம் இல்லத்திற்கு வரும் பிள்ளைகளிற் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் ஏறப்போகிறவர்கள் என்பதை நினைவுறுத்தவே சொன்னேன். வீட்டிற் சந்தேகம் கேட்பதற்குத் தமையனும் இல்லை, தமக்கையும் இல்லை. அத்தகைய பிள்ளைக்குப் பாடத்தின் வரிசையே தமையனாகவும் தமக்கையாகவும் நிற்கவேண்டும்.

இனி விஷயத்திற்கு வருவோம். பாடத்திட்டம் வகுப்பதென்பது ஒரு வேலைபோல் தோன்றினும் உண்மையில் இரண்டு வேலைகள். ஒரு துறையிலுள்ள விஷயங்களையெல்லாம் ஒன்றும் விடுபடாதபடி இனம் இனமாகப் பிரித்து வைப்பது ஒன்று; இதனை வகைப்படுத்தல் என்போம். அவ்விஷயங்களைக் கற்பவனுடைய காலடிக்கு ஏற்பப் படிப்படியாக அடுக்குவது மற்றொன்று. இதனை முறைப்படுத்தல் என்போம். இவ்விரண்டும் வேறு வேறு என்பதே இன்று நான் வற்புறுத்த விரும்பும் ஒரே கருத்து. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, வகைப்படுத்திய வரிசையிலேயே கற்பிக்கத் தொடங்குவதனால்தான் இடர்கள் பல விளைகின்றன.

இதற்கு நம் மொழியிலேயே ஒரு சான்று உண்டு. தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என 3 அதிகாரங்களாகவும், அதிகாரத்திற்கு 9 இயல்களாக 27 இயல்களாகவும் வகுக்கப்பட்டிருக்கிறது. தமிழ் மொழியை ஆராய்வானுக்கு இதனினும் செவ்விய வைப்புமுறை வேண்டுவதில்லை. ஆயினும் எந்தத் தாயாவது தன் குழந்தைக்கு முதலில் எழுத்தின் பிறப்பிடத்தை உணர்த்தி, பின் சொல்லின் பாகுபாட்டை உணர்த்தி, அதன் பின்னரே பேசக் கற்பித்தாள் என்று கேட்டதுண்டா? குழந்தை முதலிற் பால் கேட்கிறது, அம்மாவை அழைக்கிறது. பேசிப் பேசிப் பழகி ஐந்து வயதான பின்னர்தான் அகரம் எழுதுகிறது. இலக்கணம் அதற்கும் பல ஆண்டு கழித்து வருகிறது. இலக்கணியின் வரிசை முற்றக் கற்றவன் திரும்பிப் பார்க்கும் வரிசை. குழந்தையின் வரிசை இனிமேற் கற்கப் போகிறவன் நடந்து செல்லும் வரிசை. இரண்டும் மெய்யே. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தல் பொருந்தாது.

மேனாட்டு அறிஞர் சபைகளும் இவ்வினாவை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கின்றன. அமெரிக்காவிலுள்ள கணிப்பொறியியற் சங்கம் 1968 இல் கல்லூரிகளுக்கென ஒரு கணினியியற் பாடத்திட்டத்தை வெளியிட்டது. பின்னர் மின்பொறியாளர் சங்கத்தோடு சேர்ந்து காலந்தோறும் அதனைத் திருத்தி வெளியிட்டு வந்தது. 2013 ஆம் ஆண்டுத் திட்டத்தில் இத்துறையின் விஷயங்களை 18 அறிவுப் பிரிவுகளாக வகைப்படுத்தினர். இது வகைப்படுத்தலில் அவர்கள் கண்ட முடிவு. முறைப்படுத்தலில் அவர்கள் கண்டதென்ன என்று பார்த்தால், 2001 ஆம் ஆண்டுத் திட்டத்தில் தொடக்க வகுப்பிற்கு 6 வழிகள் காட்டப்பட்டுள்ளன. கட்டளைமுறை நிரலெழுதுதலை முதலில் வைப்பது ஒன்று. பொருள்நோக்கு முறையை முதலில் வைப்பது ஒன்று. செயற்கூறுகளை முதலில் வைப்பது ஒன்று. துறை முழுவதையும் மேலோட்டமாக முதலிற் காட்டுவது ஒன்று. நெறிமுறைகளை முதலில் வைப்பது ஒன்று. யந்திரத்தின் உள்ளமைப்பை முதலில் வைப்பது ஒன்று. எல்லோருக்கும் பொருந்தும் வழி இதுவே என்று அவற்றுள் ஒன்றை மட்டும் அப்பேரறிஞர்கள் நிலைநாட்டவில்லை. விஷயங்களைப் பட்டியலிடுவதில் உடன்பட்ட அறிஞர்களே அவற்றின் வரிசையிற் பல வழி கண்டனர் என்பதிலிருந்து, வரிசையைத் தீர்மானிக்க வேண்டியது துறை மட்டுமன்று, கற்பவனுமே என்பது விளங்கும்.

நம் தேசத்திலும் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1963 இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணினி வந்து சேர்ந்தது. ஈரோட்டிற் பிறந்த பேராசிரியர் வை. இராஜாராமன் முதலியோர் அங்கே மாணவர்க்கு மட்டுமன்றிப் பிற ஊர்களிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் நிரலெழுதும் வித்தையைக் குறுகிய கால வகுப்புகளிற் கற்பித்தனர். வந்தவர்கள் தாமே நிரலெழுதி யந்திரத்தில் ஓட்டிப் பார்த்தனர். அக்காலத்திற் கணினியைக் கண்ணாற் கண்டிராதவர் நம் தேசத்தில் எத்தனையோ பேர். ஆயினும் கையாற் செய்து கற்கும் வழியை அங்கே மேற்கொண்டனர். நம் பிள்ளைகளுக்கும் அதுவே ஏற்றதென்பது என் துணிபு.

இனி, நம் பிள்ளைகளின் கையிலிருக்கும் பள்ளி நூல்களை நோக்குவோம். தமிழக அரசினர் பாடத்திட்டத்தைத் திருத்தியமைத்து, 2018 இற் பதினோராம் வகுப்பிற்கும் 2019 இற் பன்னிரண்டாம் வகுப்பிற்கும் புதிய கணினி அறிவியல் நூல்களை வெளியிட்டனர். பதினோராம் வகுப்பு நூலில் 18 அத்தியாயங்கள். கணினி அறிமுகம், எண் முறைகள், கணினியின் உள்ளமைப்பு, இயக்க அமைப்புகள் ஆகியவை முதல் 5 அத்தியாயங்களில் வருகின்றன. சிக்கலைத் தீர்க்கும் நெறிமுறைகள் அடுத்த 3 அத்தியாயங்களில் வருகின்றன. சி பிளஸ் பிளஸ் என்னும் நிரல்மொழி ஒன்பதாம் அத்தியாயத்தில் அறிமுகமாகிறது. வகுப்பு, பல்லுருவாக்கம், மரபுரிமம் முதலான பொருள்நோக்கு விஷயங்கள் அதன்பின் தொடர்கின்றன. கணினி ஒழுக்கமும் இணையப் பாதுகாப்பும் பதினேழாவது. தமிழ்க் கணிமை பதினெட்டாவது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் 16 அத்தியாயங்கள். அங்கும் செயற்கூறு, தரவு அருவமாக்கம் முதலிய 4 கருத்து அத்தியாயங்களுக்குப் பிறகே, ஐந்தாவதாகப் பைத்தான் மொழி தோன்றுகிறது.

இந்நூல்களைக் குறைகூற நான் வந்தேனல்லேன். வெறும் மென்பொருட் பழக்கத்தையே கணினிக் கல்வியென்று மயங்காமல், நெறிமுறைச் சிந்தனைக்கு அத்தியாயங்கள் ஒதுக்கியதும், தமிழ்க் கணிமைக்கு ஓர் அத்தியாயம் வகுத்ததும் பாராட்டத்தக்கனவே. வகைப்படுத்தலில் அவை நிறைவுடையன. ஆனால் முதல் அத்தியாயம் தொடங்கி வரிசை மாறாமல் நடத்திச் சென்றால், பிள்ளை ஒரு நிரலை எழுதித் தன் கண்ணெதிரே அது இயங்கக் காணுமுன் 8 அத்தியாயங்கள் கழிந்துவிடுகின்றன. அதுகாறும் அப்பிள்ளைக்குக் கிடைப்பது வரையறைகளே. பத்தாம் வகுப்பு வரையில் அப்பிள்ளை கற்ற கணினி அறிவியல் நூலின் இறுதிப் பகுதியில் வந்த சிறு பாடமே அன்றோ? 2019 ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்பு நூலில் ஸ்கிராட்ச் என்னும் எளிய நிரற்கருவி அறிமுகப்படுத்தப்பட்டிருந்தும், தேர்வு நெருங்கும் வேளையில் அக்கடைசிப் பாடத்தை யந்திரத்தில் செய்துபார்க்க அவகாசம் பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர்?

இதன் விளைவு மனப்பாடம். மடக்கு என்பதன் வரையறையைத் தட்டுத் தடங்கலின்றி ஒப்புவிக்கும் பிள்ளையிடம், பத்து எண்களைக் கூட்டும் ஒரு நிரலை எழுதிக் காட்டு என்றால் விழிக்கிறது. மதிப்பெண் வருகிறது, வித்தை வரவில்லை. பின்னர்ப் பொறியியற் கல்லூரியிற் சேர்ந்து முதற் பருவத்திலேயே இடறி விழும்போது, அடிப்படை இல்லாமற் போயிற்று என்று பெற்றோர் வருந்துகிறார்கள். இவ்விடரைத் தடுப்பதற்கே நம் முன்வகுப்பு. பள்ளி நூலுக்கு மாற்றாக நிற்பது நம் நோக்கமன்று. அந்நூலுக்குள் தைரியமாக நுழையும் வாயிலை அமைப்பதே நம் நோக்கம்.

முறைப்படுத்துவதற்கு ஒரு நெறி வேண்டும். ஒவ்வொரு விஷயத்தையும் எதிரே நிறுத்தி மூன்று வினாக்கள் கேட்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். முதல் வினா: இதனை அறிவதற்கு முன் எதனை அறிந்திருக்க வேண்டும்? இரண்டாம் வினா: இதனை அறிந்த பிள்ளை, நேற்றுச் செய்ய இயலாத எதனை இன்று செய்யும்? மூன்றாம் வினா: இதனை இப்போது விட்டுவிட்டால் எது கெடும்?

இவ்வினாக்களை ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு பெயரைத் தேடுவதற்கு ஓர் அழகிய நெறிமுறை உண்டு. பட்டியலின் நடுவிலுள்ள பெயரைப் பார். நீ தேடும் பெயர் அதற்கு முன்னதாயின் பின்பாதியைத் தள்ளு. பின்னதாயின் முன்பாதியைத் தள்ளு. எஞ்சிய பாதியிலும் அவ்வாறே செய். நம் ஜில்லாவின் 2011 ஆம் ஆண்டு மக்கள் 15,06,843 பேரின் பெயரும் அகராதி வரிசையில் ஒரு பேரேட்டில் இருப்பதாகக் கொள்வோம். அதில் ஒருவர் பெயர் உண்டா இல்லையா என்பதை இவ்வழியால் 21 முறை பார்த்தே தீர்மானித்துவிடலாம். இதனைக் கேட்ட பிள்ளையின் முகம் மலரும். ஆயினும் முதல் வினாவைக் கேளுங்கள். இதற்குமுன் பட்டியல் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒப்பிடுதல் தெரிந்திருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தல் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இது மூன்றாம் நாட் பாடமாகாது. மூன்றாம் வாரத்துப் பாடமே.

இனி, இரும எண்ணை நோக்குங்கள். ஒன்றும் பூச்சியமுமாகிய எண்முறையைக் கணினிப் பாடத்தின் தொடக்கத்தில் வைப்பது பல நூல்களில் வழக்கம். யந்திரத்தின் உள்ளே நடப்பது அதுவாகையால், அதுவே அடித்தளம் என்பது காரணம். ஆனால் ஒரு பிள்ளை தன் முதல் நிரலை எழுதுவதற்கு இரும எண் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் யாதொன்றும் இல்லை. யந்திரத்திற்கு அடித்தளமாயிருப்பது கற்பவனுக்கும் அடித்தளமாயிருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. நெசவைப் பழகுகிறவன் பஞ்சின் இழை நுட்பத்தை ஆராய்ந்த பின்னரே தறியில் உட்காருவதில்லை. ஆதலால் இரும எண்ணைப் பின்னால் வைத்தால் ஒன்றும் கெடாது. ஆர்வம் பிறந்த பின் வருவதால் அது இனிக்கவே செய்யும்.

இந்நெறியால் ஆராய்ந்து, நாளொன்றுக்கு 2 மணி வீதம் 24 நாளில், 48 மணி நேரத்தில் முடியத்தக்க ஒரு வரிசையைச் சபையோர் முன் வைக்கிறேன். அது 6 படிகளை உடையது.

முதற்படி 4 நாள். இதில் யந்திரமே வேண்டா. நியூசிலாந்து தேசத்துப் பேராசிரியர் டிம் பெல் என்பாரும் அவர் நண்பர்களும், கணினியில்லாமலே கணினியியலைக் கற்பிக்கும் விளையாட்டுகளை வகுத்து உலகெங்கும் பரப்பியிருக்கின்றனர். அவ்வழியை நம் ஊருக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளை யந்திரம்போல் நிற்க, மற்றொரு பிள்ளை அதனை வாசலிலிருந்து கிணற்றடிக்கு நடத்திச் செல்லக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதட்டும். ஒரு கட்டளை பிசகினால் யந்திரப்பிள்ளை சுவரில் முட்டும். கட்டளையின் நுட்பம் அப்போதே விளங்கும். கூடை மாம்பழத்தை எடையால் மூன்று தரமாகப் பிரிக்கும் முறையை எழுதச் சொன்னால், நிபந்தனை என்பது விளங்கும். நம் வீட்டுப் பெண்மக்கள் வாசலில் இடும் கோலத்தில், சிறு வடிவமொன்று திரும்பத் திரும்ப அமைந்து பெரிய வடிவமாவதைக் காட்டினால், மடக்கு என்பது விளங்கும். இதனை விளையாட்டென்று இகழ வேண்டா. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து, கோலங்களுக்கும் கணினியியலின் இலக்கண முறைகளுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1974 இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். நம் தாய்மார்களின் விரல்நுனியில் இருந்த வித்தை அறிஞர் சபைக்கு ஏறிய வரலாறு அது.

இரண்டாம் படி 6 நாள். இங்கே யந்திரத்தின் முன் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பிற்கென வந்த பைத்தான் மொழியையே எடுத்துக்கொள்ளலாம். அதன் வாக்கியங்கள் சுருக்கமானவை. முதல் நாளிலேயே தன் பெயரைத் திரையில் தமிழெழுத்தில் தோன்றச் செய்யட்டும். பின்னர் மாறி, உள்ளீடு, வெளியீடு, கணக்கிடுதல், நிபந்தனை என்று ஒவ்வொன்றாய் வரட்டும். முதற்படியிற் காகிதத்தில் எழுதிய மாம்பழத் தரம் பிரிக்கும் முறையே இப்போது நிரலாக வேண்டும். பழைய பொருள் புதிய உடையில் வரும்போது அச்சம் குறைகிறது. தமிழிலேயே கட்டளை எழுதிப் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு, முத்து அண்ணாமலை என்பார் உருவாக்கிய எழில் என்னும் நிரல்மொழியை ஒரு நாள் காட்டுவதும் நலமே.

மூன்றாம் படி 5 நாள். மடக்கும் பட்டியலும் இதன் விஷயங்கள். பட்டு வளர்க்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. பட்டுக்கூடு அங்காடிக்கு ஒரு நாள் வந்த கூறுகளின் எடையும், கிலோ ஒன்றுக்கு ஏலம் போன விலையும் ஒரு பட்டியலாகத் தரப்பட்டால், மொத்த எடை எவ்வளவு, மிக்க விலை பெற்ற கூறு எது, சராசரி விலை யாது என்று பிள்ளை நிரலெழுதிக் காணட்டும். பாலக்கோட்டுப் பக்கத்துப் பிள்ளையாயின் தக்காளி விலையை எடுத்துக்கொள்ளட்டும். தகப்பனார் விரல்விட்டு எண்ணும் கணக்கைத் தன் நிரல் சரியாகச் சொல்லக் கண்ட பிள்ளை, கல்வி தன் வீட்டிற்கும் உரியதென்று அறியும்.

நான்காம் படி 3 நாள். பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரித்துப் பெயரிட்டு வைக்கும் செயற்கூறுகள் இதன் விஷயம். இதனை முன்னமே வைத்தால் பிள்ளைக்குப் பயன் விளங்காது. நிரல் நீண்டு, எழுதியதையே திரும்ப எழுதிச் சலித்த பிறகு வைத்தால், கேளாமலே வரவேற்கும்.

ஐந்தாம் படி 3 நாள். தேடுதலும் வரிசைப்படுத்தலும் இங்கே வரும். முன்சொன்ன 21 முறைத் தேடலின் விந்தையை இங்கே காட்ட வேண்டும். ஒரே வேலைக்கு இரு வழி இருப்பின் எது விரைவானது என்று கேட்கும் குணம் இங்கே பிறக்கிறது. கணினியியலின் உயிர்நிலை அக்குணமே.

ஆறாம் படி 3 நாள். இப்போதுதான் யந்திரத்தின் உள்ளே நுழைகிறோம். திரையில் முதல் நாள் தோன்றிய தமிழெழுத்து உள்ளே எவ்வாறு இருக்கிறது என்ற வினாவோடு தொடங்கலாம். ஒருங்குறி முறையில் நம் அகரத்திற்கு உரிய எண் 2949. அவ்வெண்ணை ஒன்றும் பூச்சியமுமாக எழுதினால் 101110000101 ஆகும். எண்முறைப் பாடம் இவ்வாறு தொடங்கினால், அது வெறுங்கணக்காக இராமல், தன் தாய்மொழியின் முதலெழுத்து யந்திரத்தில் வாழும் விதத்தை அறிவதாக இருக்கும். 1999 ஆம் ஆண்டு சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பட்ட செய்தியையும் இங்கேயே சொல்லலாம்.

இவ்வாறு படிகளில் அடங்காத ஒரு விஷயம் உண்டு. அது இணையப் பாதுகாப்பு. பள்ளி நூலில் அது பதினேழாம் அத்தியாயம். எதனைச் சார்ந்து எது நிற்கிறது என்ற கணக்கில் அதனை எங்கும் வைக்கலாம். ஆனால் மூன்றாம் வினாவைக் கேளுங்கள்: இதனை இப்போது விட்டால் எது கெடும்? பிள்ளையின் கையில் இன்றே கைபேசி இருக்கிறது. கடவுச்சொல்லைக் கேட்டு ஏமாற்றுவோர் பதினேழாம் அத்தியாயம் வரும்வரை காத்திருப்பதில்லை. பெண்பிள்ளைகளின் படத்தை எடுத்து மிரட்டுவோரும் காத்திருப்பதில்லை. ஆகவே இதனை முதல் நாளிலிருந்து நாளொன்றுக்குப் பத்து நிமிஷமாகத் தூவிக் கற்பித்தல் வேண்டும். சார்பு ஒரு முறைமை. தேவை மற்றொரு முறைமை. இரண்டும் முரணுமிடத்தில், ஆபத்தைத் தடுப்பது முன்னிற்க வேண்டும்.

எவற்றை விடுவது என்பதும் பாடத்திட்டத்தில் ஒரு பகுதியே. பொருள்நோக்கு நிரலாக்கம், மரபுரிமம், தரவுத்தளம், இணையப்பக்கம் அமைத்தல் ஆகியவற்றை நம் முன்வகுப்பில் தொடவே வேண்டா. அவை தாழ்ந்தன என்பதனாலன்று. அவற்றைத் தாங்கும் தூண்கள் இன்னும் நிற்கவில்லை என்பதனால். இக்காலத்துப் பத்திரிகைகளெல்லாம் செயற்கை நுண்ணறிவைப் பேசுகின்றனவே, அதனை முதலில் வைத்தாலென்ன என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். விரைவில் வேலை தரும் என்ற ஆசையாற் கேட்கப்பட்ட வினா அது, ஆசை நியாயமானதே. ஆயினும் கேட்டதற்கு விடை தரும் யந்திரத்தை உபயோகிப்பது வேறு. அவ்விடை சரியா பிழையா என்று தேர்வது வேறு. பத்து எண்களின் சராசரியைக் காணும் நிரலைத் தானே எழுதிப் பிழை திருத்திய பிள்ளைக்குத்தான், யந்திரம் எழுதித்தந்த நிரலில் உள்ள பிழை கண்ணுக்குப் புலனாகும். அஸ்திவாரத்தை நாம் இடுவோம். மேல்மாடி எதுவாயினும் அப்பிள்ளை பின்னர்க் கட்டிக்கொள்ளும்.

பரீக்ஷை எவ்வாறு என்ற வினாவும் எழும். வரையறை கேட்கும் பரீக்ஷை நம் வகுப்பில் வேண்டா. ஒவ்வொரு படியின் முடிவிலும் ஒரு செய்கை கேட்க வேண்டும்: இதனைச் செய்து காட்டு என்பதே வினாத்தாள். அன்றியும் கற்பிப்போர் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொண்டு, எந்நாளில் எவ்விஷயத்திற் பிள்ளைகள் தடுமாறினர் என்பதை அன்றன்றே எழுதிவர வேண்டும். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே இடத்தில் தடுமாறினால், அங்கே ஒரு படி விடுபட்டிருக்கிறதென்று பொருள். அடுத்த ஆண்டு அப்படியைச் சேர்க்க வேண்டும். நான் சொன்ன வரிசையும் மாற்றத்தக்கதே. அதனைத் திருத்தும் அதிகாரம் என்னைவிட அக்குறிப்புப் புத்தகத்திற்கே மிகுதி.

இனி, சபையோரிடம் நான் கேட்கும் உதவிகள் மூன்று. 2011 முதற் சில ஆண்டுகள் அரசினர் மேல்நிலை வகுப்பு மாணாக்கர்க்கு இலவசமாக வழங்கிய மடிக்கணினிகள் நம் வீடுகளிற் பல இடங்களில் பரணில் உறங்குகின்றன. அவற்றைச் செப்பனிட்டால் நம் வகுப்பிற்கு அவை போதும். பைத்தானுக்குப் புதிய யந்திரம் வேண்டுவதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு யந்திரம் இருந்தால், ஒருவர் சொல்ல ஒருவர் எழுதிப் பழகுவர். இஃது ஒன்று. செட்டிகரையில் 2013 இல் தோன்றிய அரசு பொறியியற் கல்லூரியிலும் பிற கல்லூரிகளிலும் பயிலும் நம் வாலிபர்கள், கோடையில் நாளொன்றுக்கு 2 மணி நேரம் தர வேண்டும். தாம் தடுமாறிய இடத்தை அவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். ஆதலின் அவர்களே தக்க உபாத்தியாயர்கள். இஃது இரண்டு. பெண்பிள்ளைகளை அனுப்பத் தாய்மார்கள் தயங்க வேண்டா. வகுப்பை முற்பகலிலே வைத்துப் பொழுது சாயுமுன் வீடு சேரும்படி கமிட்டியார் ஏற்பாடு செய்ய வேண்டும். கோலத்தில் மடக்கைக் கண்ட கை நிரலிலும் அதனைக் காணும். இஃது மூன்று.

முடிவாக ஒரு வார்த்தை சொல்லி அமைகிறேன். இல்லம் நம்முடையது, யந்திரங்கள் நாம் சேர்ப்பவை, உழைப்பு நம் வாலிபர்களுடையது. ஆயினும் இவ்வகுப்பின் கதவு நம் குலத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே திறக்க வேண்டுமா என்பதைச் சபையோர் ஆலோசிக்க வேண்டும். அடுத்த தெருப் பிள்ளையும் அதே பள்ளியில் அதே பலகையில் நம் பிள்ளையோடு உட்கார்ந்து அதே அத்தியாயத்தில்தான் தடுமாறுகிறது. 24 நாட்கள் நம் திண்ணையில் அதற்கும் இடம் கொடுத்தால் நம் பங்கு குறைந்துவிடாது. பகிர்ந்தாற் குறையாத பொருள் கல்வி ஒன்றே. நூற்றுக்கு 68.54 என்று நின்ற ஜில்லா மேலேற வேண்டுமாயின், ஒரு குலம் மாத்திரம் ஏறினாற் போதாது. எல்லோருக்கும் கதவைத் திறந்து வைப்பதென்று இக்கூட்டத்திலேயே தீர்மானிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.